ஜெயசுதாவின் வேண்டுதல்

எங்கள் களமருதூர்ப் பக்கம் நடவுக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போவது நான். எனக்கு ஓட்டை வாய் என்பார்கள். பொய்யில்லை. ஜெயசுதா பெரிய பக்திக்காரி என்று ஊர் முழுக்கப் பரப்பியதே இந்த வாய்தான்.

மூன்று வருடம் முன்பு அவள் அய்யனார் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தபோது வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். அடுத்த வருடமும் மொட்டை, அதற்கடுத்த வருடமும். தலையில் எப்போதும் துண்டு. புருஷனுக்காக இப்படி முடியைக் கொடுக்க எவளுக்கு மனசு வரும்? எந்தக் கழனியிலும் முதல் நாற்றை அவள் கையால்தான் ஊன்றச் சொன்னோம். நிலக்காரர் அய்யப்பன், அவள் வராத நாளில் நடவையே தள்ளிவைத்தார். அவள் புருஷன் மட்டும் இந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம்.

போன புரட்டாசியில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் எங்கள் ஊர்க் கொளஞ்சியம்மாள் வரப்புக்கே வந்தாள். அவள் மகள் ஷாலினி கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்கிறாள். தலையில் அங்கங்கே காசு அளவுக்கு முடி கொட்டி, புழுவெட்டு என்று தெரிந்ததிலிருந்து ஒரு மாதமாகக் காலேஜுக்குப் போகவில்லை. சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தேய்த்து மண்டை எரிந்ததுதான் மிச்சம். ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டில் சீப்பைக்கூட ஒளித்துவைத்தார்களாம். வெள்ளிக்கிழமை அய்யனாருக்கு மொட்டை போடப்போகிறோம், அந்தப் பெண் மாட்டேன் என்று அழுகிறது, உன் வேண்டுதலைக் கேட்ட சாமியாச்சே, நீ கூட வந்து நின்றால் போதும் என்று ஜெயசுதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயசுதா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினாள். பிறகு துண்டை அவிழ்த்தாள். கட்டாந்தரையில் புல் முளைத்த மாதிரி தலையில் திட்டுத்திட்டாக முடி.

“நா எந்த சாமிக்கும் வேண்டிக்கலக்கா. எனக்கும் புழுவெட்டுதான். சொல்ல வெக்கமா இருந்திச்சி, சாமி பேர சொல்லிட்டேன். அழுதுகினு இருக்கிற பொண்ண இழுத்துக்கினு போவாதீங்க. டாக்டராண்ட காட்டுங்க.”

எங்களில் ஒருத்தி தன் தண்ணீர்ச் செம்பை மெதுவாக நகர்த்தி வைத்துக்கொண்டாள். வேறு யாருமில்லை, நான்தான்.

அடுத்த கழனியில் முதல் நாற்றை வேறொருத்தி கையில் கொடுத்தார் அய்யப்பன். ஜெயசுதா வரப்பில் நின்று பார்த்தாள், பிறகு எங்களோடு குனிந்து நட ஆரம்பித்தாள். கஷ்டமாயில்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் மூன்று வருடம் கழித்து இப்போதுதான் தலையில் காற்றுப் படுகிறது என்றாள். அன்றைக்கு அவள் செம்பிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அதற்குமேல் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மொட்டை நடக்கவில்லை. திங்கட்கிழமை காலை காலேஜ் பையோடு பஸ் நிறுத்தத்தில் ஷாலினி துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஜெயசுதா, வெறுந்தலையோடு. போகிறவர் வருகிறவரெல்லாம் ஜெயசுதாவையே பார்த்தார்கள். அந்தப் பெண்ணை ஒருவரும் கவனிக்கவில்லை.

பஸ் வந்தது. ஷாலினி முக்காட்டை எடுக்காமலே ஏறிப்போனாள். இவ்வளவு செய்தும் அதை எடுக்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஜெயசுதாவிடம் சொல்லியும்விட்டேன்.

“எனக்கே மூணு வருசம் ஆச்சிக்கா,” என்றாள். “அதுக்கு இன்னா அவசரம்?”