இருபத்தாறில் வைத்த வண்டி

ஆரோக்கியதாஸுக்கு எண்கள் மேல் தனி மரியாதை. மனிதர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வாரோ மாட்டாரோ, முள் காட்டினால் கேட்டுக்கொள்வார். லாரி ஓட்டிய காலத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஒரு நூல் மேலே ஏறினாலும் போதும், பின்னால் வரிசையாக வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டினாலும் ஓரங்கட்டிவிட்டுத்தான் மறுவேலை. அதனால் அவர் லாரி ஒருமுறைகூட நடுவழியில் கொதித்து நின்றதில்லை. அந்தப் பெருமையில் தப்பில்லை. ஆனால் முள்ளை நம்பி நம்பி, மனிதர் வாயை நம்பும் பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது.

லாரியை விட்டபின் கருமத்தம்பட்டியில் அழகிரிசாமியிடம் கார் டிரைவராகச் சேர்ந்தார். அழகிரிசாமிக்கு ஊரை ஒட்டி ஒரு விசைத்தறிக் குடோன். அவர் புது வண்டி எடுத்தபோது அவரைவிட டிரைவருக்குத்தான் தலைகால் புரியவில்லை. காரணம் அதன் ஏசி. பழைய வண்டியில் குமிழைத் திருகித் திருகிக் குளிரைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். இதில் ‘ஆட்டோ’ என்று ஒரு பொத்தான். எத்தனை டிகிரி வேண்டுமோ அதை வைத்துவிட்டால் தீர்ந்தது. வெயில் ஏறினால் தானே காற்றைக் கூட்டும், மழை பிடித்தால் தானே குறைக்கும். டீக்கடையில் சும்மா நிற்பவர்களைக்கூடக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்துக் காட்டுவார்.

“இருபத்தாறு வெச்சா இருபத்தாறுதானுங்க. நம்மளாட்ட மாத்தி மாத்திப் பேசாதுங்க.”

அவர் மனைவி கிருபாவதி சின்ன வயதிலேயே சோமனூரில் தறிக்குப் போனவள். கல்யாணமாகிக் கருமத்தம்பட்டிக்கு வந்த பிறகும் தறிதான். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. சாதாரணமாகக் கூப்பிட்டாலே தெருவே திரும்பிப் பார்க்கும். மாதா கோயில் பூசையில் அவள் பாட ஆரம்பித்தால் பாடகர் குழு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆரோக்கியதாஸ் கேலி செய்வார். அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் இருமல், பிறகு படி ஏறினால் இளைப்பு, பிறகு உட்கார்ந்திருந்தாலே இளைப்பு. கோயமுத்தூரில் நெஞ்சு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் பாதிக்கு மேல் வீணாகிவிட்டது என்றார். இத்தனை வருடம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தால் வேறென்ன ஆகும் என்று அவரே கேட்டுவிட்டு, மருந்து எழுதினார்.

“வெயிலும் ஆகாதும்மா, குளிரும் ஆகாது. ஒரே சீரா இருக்கணும்” என்று கடைசியாகச் சொன்னார்.

ஒரே சீராக! ஆரோக்கியதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கையில் இருந்த வண்டிக்கு வேலையே அதுதானே. அழகிரிசாமியும் நல்ல மனுஷர். “பஸ்ஸுல வெச்சு அலைக்கழிக்காத தாசு, ஆஸ்பத்திரிக்குப் போறன்னைக்கு வண்டிய எடுத்துக்க” என்று அவராகவே சொல்லிவிட்டார். மனைவியின் மூச்சுக்குத் தன்னாலான ஒன்றைச் செய்கிறோம் என்ற சந்தோஷத்தில் ஆரோக்கியதாஸ் கதவைத் திறந்துவிட்டு, அவள் ஏறி உட்கார்ந்ததும் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

“இருபத்தாறு. கண்ண மூடிட்டுப் படுத்துக்க கிருபா. ஆஸ்பத்திரி வந்தா எழுப்பறேன்.”

முதல் சில தடவை நன்றாகத்தான் இருந்தது. மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள், நீலாம்பூர் தாண்டும்போது கிருபாவதி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“ஏனுங்க, குளுருதுங்க.”

“இருபத்தாறு இருக்குது, பாரு.”

“நம்பர் இருக்குதுங்க. எனக்குக் குளுருதுங்களே.”

மறுபேச்சுப் பேசாமல் இருபத்தெட்டு வைத்தார். அப்போதும் குளிருகிறது என்றாள். அங்கேதான் ஆரோக்கியதாஸின் கணக்கு ஒரு முடிவுக்கு வந்தது. இரண்டு டிகிரி ஏற்றிய பிறகும் குளிருகிறது என்றால், குளிர் வண்டியில் இல்லை, அவள் உடம்பில் இருக்கிறது. சொல்லவும் செய்தார். “சீக்கு ஒடம்பு, அதான். வண்டி என்ன பண்ணும்?” என்று கேட்டு, திரும்ப இருபத்தாறுக்கே கொண்டுவந்து வைத்தார். அவருக்குத் தெரியவில்லையா என்றால், அவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெந்த உடம்பு. எவ்வளவு குளிர்ந்தாலும் அவருக்கு அது சுகம்தான். வலது கையில் வேறு எப்போதும் ஜன்னல் வெயில்.

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு. சின்னியம்பாளையத்தில் ஆரம்பித்து ஹோப்ஸ் நிறுத்தம் வரைக்கும் போகும். பிறகு ஒருநாள் நின்றுவிட்டது. கிருபாவதி குளிரைப் பற்றிப் பேசவே இல்லை. “இப்ப எப்படிருக்குது?” என்று கேட்டால் “நல்லாருக்குதுங்க” என்றாள். ஆரோக்கியதாஸுக்கு உச்சி குளிர்ந்தது. மருந்து வேலை செய்கிறது, இப்போதெல்லாம் குளிர் தெரிவதில்லை என்று டாக்டரிடமே போய்ச் சொன்னார்.

சித்திரை பிறந்து சில நாளில் மூச்சு முட்டி அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. திருப்பூரிலிருந்து மகள் டெய்சி ஓடிவந்தாள். ஆஸ்பத்திரி உடைக்கு மாற்றுவதற்காக அம்மாவின் புடவையைக் களைந்தவள், கையில் எதையோ சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அப்பாவின் பழைய முழுக்கை பனியன்கள் இரண்டு.

“அப்பா, இந்த வெயில்ல இத எதுக்குங்க அம்மா ஜாக்கெட்டுக்கு மேல போட்டிருக்குது? கேட்டா, கார்ல வாரப்ப போட்டுக்குவேன் கண்ணுங்குது.”

“காச்சக் குளுரா இருக்கும்” என்றார் ஆரோக்கியதாஸ். சொல்லும்போது மகள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதும்கூட வண்டியின் மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை, இதைச் சொன்னால் கேட்பவருக்குக் கோபம்தான் வரும்.

அந்த வாரமே அழகிரிசாமி பவானியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அத்தனை தூரம் அவர் அந்த வண்டியில் உட்கார்ந்து கொஞ்ச நாளாகியிருந்தது. போய்த் திரும்பி இறங்கும்போது கைகளைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். “ஏப்பா தாசு, ஐஸ் பெட்டிக்குள்ள ஒக்காந்தாப்புல இருந்துச்சு. காலெல்லாம் வெறச்சுப்போச்சு. கொண்டுபோய்க் காட்டு.”

“சரிங்க மொதலாளி.”

மறுநாள் காலையிலேயே வண்டி உக்கடத்தில் ஷேக் பரீத்தின் கடை வாசலில் நின்றது. கிருபாவதி மாதக் கணக்கில் சொன்னாள். முதலாளி ஒரே ஒரு தடவை சொன்னார். இந்த வித்தியாசம் கடைக்குப் போய்ச் சேரும்வரை ஆரோக்கியதாஸுக்கு உறைக்கவில்லை என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஷேக் பரீத் கார் ஏசிக்கென்றே கடை வைத்திருப்பவர். கதவை மூடி, ஆட்டோவைப் போட்டு, இருக்கைக்கு நடுவே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார். கொஞ்ச நேரம் இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். வண்டியின் திரையில் இருபத்தாறு. தெர்மாமீட்டரில் பதினெட்டு.

“உங்க தெர்மாமீட்டர் சரியில்லீங்களா?” என்றார் ஆரோக்கியதாஸ்.

பரீத் சிரித்தார். “தெர்மாமீட்டர் சரியாத்தானுங்கண்ணா இருக்குது. வண்டியில தெரியற நம்பர் நீங்க கேட்டது. உள்ள இருக்கறதுன்னு நெனச்சுட்டீங்களா? நெறைய பேரு அப்படித்தான் நெனைக்கறாங்க.”

பிறகு பொறுமையாக விளக்கினார். வண்டிக்கு உடம்பு கிடையாது, அதனால் மூன்று இடத்தில் விசாரித்துத்தான் எதையும் தெரிந்துகொள்ளும். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பொட்டு மாதிரியான சென்சாரிடம் வெயில் எவ்வளவு என்று கேட்கும். பம்பருக்குப் பின்னால் இருப்பதிடம் வெளியே எத்தனை சூடு என்று கேட்கும். உள்ளே ஆள் இருக்கும் இடம் எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் மூன்றாவது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் சின்னச் சல்லடை மாதிரி இருக்கும், உள்ளே விரல் நகமளவு ஃபேன் ஒன்று அறைக் காற்றை உறிஞ்சி சென்சார் மேல் விடும். மூன்று பேர் சொல்வதையும் வைத்து, ஏசியில் குளிர்ந்த காற்றோடு எஞ்சின் சூட்டில் காய்ந்த காற்றை எவ்வளவு கலக்கலாம் என்று வண்டி முடிவெடுக்கும். நடுவில் ஒரு மடல் அதற்கேற்றபடி திறந்து மூடும்.

“மூணாவது ஆளு பேசறது அதுக்குக் கேக்கலீன்னா?” என்று சொல்லிக்கொண்டே பரீத் ஸ்டீயரிங் பக்கத்துப் பலகையைக் கழற்றினார். சல்லடைக்குப் பின்னால் இடுக்கியை விட்டு இழுத்தார். சாம்பல் நிறத்தில், விளக்குத் திரி தடிமனுக்குப் பஞ்சு வந்தது. இழுக்க இழுக்க வந்தது. “வண்டிய தறிக்குடோன் பக்கத்துல நிறுத்துவீங்களாண்ணா?”

“ஆமாங்க.”

“அதானுங்க. இது அடைச்சுப்போச்சுன்னா அறைக்காத்து உள்ள வராது. சென்சாரு டேஷ்போர்டுக்குள்ள இருக்கற சூட்டத்தான் பாக்கும். உள்ள இன்னும் வேகுதுன்னு நெனச்சுட்டு வண்டி குளுர அடிச்சுட்டே இருக்கும். உள்ள ஒக்காந்திருக்கறவங்க வெறச்சாலும் அதுக்குத் தெரியாதுங்க. நீங்க முப்பது வெச்சாலும் தெரியாது.”

“இது... எத்தன நாளா இருக்கும்ங்க?”

“ஒரு நாள்ல சேந்ததில்லீங்கண்ணா. மழைக்காலம் முடிஞ்சதுல இருந்தே இருக்கும். யாரும் சொல்லலீங்களா?”

ஆரோக்கியதாஸ் அந்தப் பஞ்சைக் கையில் வாங்கினார். மனைவியின் நெஞ்சை அடைத்ததும் இதே பஞ்சுதான். அவள் சொன்னதை வண்டிக்குக் கேட்காமல் செய்ததும் இதுதான். வண்டிக்காவது ஒரு சாக்கு இருந்தது. தனக்கு என்ன சாக்கு என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. பரீத் ஒன்றும் புரியாமல், டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனவர் முதலில் டாக்டரைத்தான் பார்த்தார். அந்தக் குளிரால்தான் இப்படி ஆனதா என்று கேட்டார். “இது வரத்தான் போகுதுன்னு தெரியுமேங்க. குளிர் கொஞ்சம் சேத்திருக்கலாம், சேக்காமயும் இருந்திருக்கலாம். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். வாழ்நாளெல்லாம் எண்ணைப் பார்த்து நிம்மதியானவருக்கு, பார்த்துக்கொள்ள எண்ணே இல்லாமல் போயிற்று.

கட்டில் ஓரம் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கிருபா, வண்டிதான் தப்பு. நீ சொன்னது சரி. உள்ள பதினெட்டுதான் இருந்துச்சு.”

கிருபாவதி ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கிக்கொண்டு, “சரி பண்ணிப்போட்டீங்களா?” என்று கேட்டாள்.

“பண்ணியாச்சு. நீ ஏன் சொல்றத நிறுத்திப்போட்ட? இன்னொருக்கா சண்ட போட்டிருக்கலாமல்ல?”

அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் எடுத்தாள். “நம்பரக் காட்டறப்ப உங்க மூஞ்சி அத்தன சந்தோசமா இருக்குமுங்க. எனக்கு ஏதோ செய்யறீங்கன்னு. அதக் கெடுக்க மனசு வல்லீங்க.”

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் ஆரோக்கியதாஸ் வந்திருந்தார். முகமூடியை எடுத்து அவள் மூக்கில் சரியாக வைத்துவிட்டார்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் பேசலாம் என்றாள் டெய்சி. கிருபாவதி வேண்டாம் என்று தலையாட்டினாள், “அப்பா வண்டியிலயே போலாம் கண்ணு” என்றாள். முதலாளி வண்டியை அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். பின் இருக்கையில் டெய்சி உட்கார்ந்து அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டாள். காலடியில் ஆக்சிஜன் சிலிண்டர். வெளியே உச்சிவெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. பரீத் தெர்மாமீட்டரை உள்ளேயே விட்டுக் கொடுத்திருந்தார். திரையிலும் இருபத்தாறு, அதிலும் இருபத்தாறு. வண்டி இப்போது பொய் சொல்லவில்லை.

அவினாசி ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏனுங்க... குளுருதுங்க.”

டெய்சி அம்மாவின் நெற்றியைத் தொட்டாள், தொங்கும் தெர்மாமீட்டரை எட்டிப் பார்த்தாள். “அம்மா, நல்லாத்தான இருக்குது. எனக்கே வேர்க்குது” என்றாள்.

ஆரோக்கியதாஸ் திரையைப் பார்க்கவில்லை. வண்டியை ஓரங்கட்டினார். ஏசியை அணைத்தார். வெப்பத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றி, காற்று வரும் துளைகளையெல்லாம் பின்பக்கம் திருப்பினார். எஞ்சின் சூடு அனலாக வர ஆரம்பித்தது. இறங்கிப்போய், தன் சட்டையைக் கழற்றி அவள் கால்களில் சுற்றிவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தார்.

“அப்பா, என்ன பண்றீங்க? சித்திரை வெயிலுங்கப்பா!”

“அம்மாவுக்குக் குளுருதாமா கண்ணு” என்றார். வண்டியை எடுத்தார்.

நீலாம்பூர் வருவதற்குள் அவருக்கும் டெய்சிக்கும் வேர்வை தாரைதாரையாக வழிந்தது. பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணில் வேர்வை இறங்கி எரிந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை, “இப்ப எப்படிங்க கிருபா?” என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவளை ‘ங்க’ போட்டு அவர் கூப்பிட்டதில்லை. அன்று அவரை அறியாமல் வந்துவிட்டது.

“தேவலைங்க” என்றாள் ஒரு தடவை. அடுத்த தடவை தலையை மட்டும் ஆட்டினாள் என்று டெய்சி சொன்னாள். அதற்கடுத்த தடவை டெய்சி அம்மாவின் மார்பின் மேல் கையை வைத்துப் பார்த்து, மூச்சு இருக்கிறது என்று சைகை காட்டினாள்.

கருமத்தம்பட்டியில் வீட்டு முன்னால் நிறுத்திக் கதவைத் திறந்தபோது, ஊரைப் பொசுக்கிக்கொண்டிருந்த அந்த வெயில் ஆரோக்கியதாஸின் முகத்தில் சில்லென்று பட்டது. பின்கதவுக்கு ஓடிப்போய்க் கிருபாவதியின் பாதங்களைப் பிடித்தார். அவை அப்போதும் சூடாகியிருக்கவில்லை.