ஹந்தானை இறக்கமும் ஒரு நினைவு மலரும்

ஹந்தானை மலையிலிருந்து இறங்கும் வாகனங்களின் பிறேக் கருகும் மணம் எனக்குப் பழகிப்போன ஒன்று. என் வீடு அந்த வீதியின் கடைசி வளைவுக்குக் கீழே இருக்கிறது. மழை நாளில்கூட அந்த மணம் யன்னலால் உள்ளே வரும். கண்டியில் மழையில்லாத நாள் எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு, அந்த யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒரு வேலை செய்து வருகிறேன். கொழும்பிலிருந்து காப்புரிமை விண்ணப்பங்களை அனுப்புவார்கள். அதில் சொல்லியிருக்கும் கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா, அல்லது முன்பே எங்காவது யாராவது வெளியிட்டதா என்று தேடிப் பார்த்து நான் கருத்து எழுத வேண்டும். முடிவெடுப்பது அவர்கள்தான். ஆனால் நான் புதியதல்ல என்று எழுதியதை அவர்கள் மாற்றியதாக எனக்கு நினைவில்லை.

இந்த வேலைக்கு இளகிய மனம் சரிவராது. தன் தலையில் மட்டும்தான் அந்த யோசனை உதித்தது என்று நம்பிக்கொண்டுதான் எல்லோரும் வருவார்கள். கொஞ்சம் தேடினால் யப்பானில் ஒருவன் அதைச் செய்து, விற்று, அலுத்தும் போயிருப்பான். அதை எழுதி அனுப்பிவிட்டு நான் பாட்டுக்குத் தேநீர் போடப் போய்விடுவேன். என்னைப் பொல்லாத மனிசி என்று ஒருவர் சொன்னதாகக் கேள்வி. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு விண்ணப்பத்தில் மட்டும் முதற்பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரமெடுத்தது. மலைப்பாதைகளில் மின்வாகனப் பற்றரியின் சக்தியை நிர்வகிக்கும் முறை என்று தலைப்பு. கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர். முதலாவதாக ஒரு பெண்ணின் பெயர், அதற்குப் பக்கத்தில் காலஞ்சென்றவர் என்ற குறிப்பு. இரண்டாவது அவளுடைய கணவரின் பெயர். அந்தப் பெண்ணின் செத்தவீட்டுக்கு நான் போயிருந்தேன்.

அவர்கள் என் வீட்டுக்குக் கொஞ்சம் கீழே வாடகைக்கு இருந்தவர்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள், என்னைப் போல. அவர் பிலிமத்தலாவையில் பெற்றோல் முச்சக்கர வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் ஒரு பட்டறையில் பொறியியலாளர். அவள் ஹந்தானைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். அவர் செய்து கொடுத்த மின்சார முச்சக்கர வண்டியில்தான் மேலே போய் வருவாள். போகும்போது என் வாசலில் நிறுத்தி, "அக்கா, ஏதும் வேணுமோ?" என்று கேட்காமல் போகமாட்டாள். மலை உச்சியிலிருந்து எனக்கு என்ன வாங்கி வரப்போகிறாள் என்று நான் ஏசுவேன். அடுத்த நாளும் கேட்பாள். டெங்குக் காய்ச்சல் அவளை ஒரு கிழமைக்குள் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இல்லை.

கொழும்புக்கு உடனே தொலைபேசி எடுத்து, இவர்களை எனக்குத் தெரியும், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். இந்தச் சின்ன நாட்டில் இந்தத் துறையில் ஒருவரையொருவர் தெரியாதவர்களை நாங்கள் எங்கே தேடுவது, தெரியும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு எழுதி அனுப்புங்கள் என்று அந்த அதிகாரி சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் பிழையில்லை.

அந்த வாரமே பேராதனை வீதி பேக்கரியில் பாண் வாங்கப் போன இடத்தில் கணவரைச் சந்தித்தேன். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். சேர்ட் தோளில் நிற்கவில்லை.

"அக்கா, நாங்கள் அந்தப் பற்றரி விசயத்துக்கு பேட்டன்ட் போட்டனாங்கள்."

"தம்பி, அதைப்பற்றி என்னோட ஒண்டும் கதையாதையும்."

நான்தான் அதைப் பார்க்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. பாண் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"ஓம், கதைக்கயில்லை. அவவின்ர பேரைத்தான் முதலாவதாப் போட்டிருக்கிறன். அதை மட்டும் சொல்லுறன். எங்களுக்குப் பிள்ளையளும் இல்லை. அவவின்ர பேர் அதிலயெண்டாலும் நிக்கட்டும்."

பட்டறை முதலாளிக்கு அந்தக் காப்புரிமையால் என்ன லாபம் என்று எனக்குத் தெரியாது. இந்த மனிதனுக்கு அது அவளுடைய பெயர் நிற்கும் ஓர் இடம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எந்த விண்ணப்பத்துக்கும் விரும்பாத ஒன்றை இதற்கு விரும்பினேன். இது புதியதாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன்.

விசயம் இதுதான். மின்வாகனம் பள்ளத்தில் இறங்கும்போது மோட்டர் தலைகீழாக வேலை செய்யும். வேகத்தைப் பிடித்து நிறுத்தி, அந்தச் சக்தியை மின்சாரமாக்கிப் பற்றரிக்குள் திருப்பி அனுப்பும். ஆனால் மேலே பாடசாலையில் வைத்துப் பற்றரியை முழுதாக நிறைத்துக்கொண்டு இறங்கினால், திரும்பி வருவதைப் போட உள்ளே இடமிருக்காது. மோட்டர் கைவிட்டுவிடும். முழுப் பாரமும் சாதாரண பிறேக்கில் விழும். கருகும். ஹந்தானை வளைவுகளில் அது விளையாட்டல்ல. அவர்கள் செய்த கருவி, வண்டி முன்பு போய்வந்த பயணங்களிலிருந்து எந்த இடத்தில் சார்ஜ் போட்டால் அதன்பின் எவ்வளவு இறக்கம் வரும் என்பதைத் தானாகப் பழகிக்கொள்ளும். அந்த அளவுக்குப் பற்றரியில் இடம் விட்டு, சார்ஜை நிறுத்திவிடும்.

தேடத் தொடங்கினேன். வெளிநாட்டுக்காரர்களும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியிருந்தார்கள், ஆனால் எல்லோரும் வரைபடத்தையும் இடம்காட்டும் செய்மதியையும் நம்பியிருந்தார்கள். ஹந்தானையில் மலையும் மரமும் மறைத்து, பாதி இடத்தில் செய்மதி சிக்னலே எடுக்காது. அங்கே செய்மதியை நம்பினால் அதோகதிதான். வண்டி தன் பழைய பயணங்களிலிருந்து கற்றுக்கொள்வது என்பது வேறெவரிடமும் இல்லை. ஒவ்வொரு ஆவணமாகத் தள்ளிவைக்கத் தள்ளிவைக்க எனக்குள் ஒரு சந்தோசம் ஏறிக்கொண்டு வந்தது. ஒரேயொரு உறுத்தல். விண்ணப்பத்தின் முதலாவது உரிமைக்கோரிக்கையை, இன்னது எங்கள் கண்டுபிடிப்பு என்று உரிமை கேட்கும் வரிகளை, வாசிக்கும் நேரமெல்லாம், இதை எங்கேயோ முன்பு வாசித்திருக்கிறேன் என்று பட்டது. எந்த ஆய்விதழில் என்று நினைவுக்கு வரவில்லை. தேடியும் கிடைக்கவில்லை. வயது போனால் இப்படித்தான் என்று என்னையே ஏசிக்கொண்டு, புதியது என்று அறிக்கையை எழுதி முடித்தேன். அனுப்பத்தான் மிச்சம்.

அடுத்த நாள் என் அம்மாவின் திவசம். பதிகம் படிக்கப் புத்தகம் தேடி அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டு முழுக்க நினைவு மலர்கள். எங்கள் ஆட்கள் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு மலர் அச்சடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, வம்சம், பதிகங்கள், நன்றி நவிலல். நீரிழிவுக்காரர் எதைச் சாப்பிடலாம் என்று கடைசிப் பக்கத்தில் போட்டவர்களையும் கண்டிருக்கிறேன். வைத்திருக்க இடமில்லை, வீசவும் மனம் வராது. ஒன்றை இழுத்தேன். அவளுடைய மலர் வந்தது.

படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். பதிகத்தைத் தாண்டியதும் கணவர் அவளுக்கு எழுதிய நாலு பக்கம். அந்தியேட்டியன்று சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்தபோது நான் அதை மேலோட்டமாக வாசித்திருந்தேன். இப்போது நின்றபடியே வாசித்தேன். மற்றவர்கள் எழுதுவதைப் போல விளக்கு அணைந்தது, பூ உதிர்ந்தது என்று அவர் எழுதியிருக்கவில்லை. இரண்டு பேரும் பின்னேரங்களில் என்ன செய்தார்கள் என்று எழுதியிருந்தார். "மேலேயே நிறைத்துவிட்டால் இறக்கம் தருவதை எங்கே வாங்கி வைப்பது என்று நீ கேட்டாய்" என்று ஒரு வரி. அதன்பின், அவள் போட்ட கணக்கு, பழைய பயணங்களிலிருந்து வண்டி எப்படிக் கற்றுக்கொள்கிறது, எந்த இடத்தில் சார்ஜ் நிற்கிறது, எல்லாம். ஒரு சின்ன மின்சுற்றுப் படம்கூட இருந்தது. அந்த நாலு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் அந்தக் கருவியைச் செய்துவிடலாம். மனிதன் துக்கத்தில் ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிட்டிருந்தார்.

மலரின் முன்பக்கத்துக்குத் திருப்பி, அந்தியேட்டித் திகதியைப் பார்த்தேன்.

கண்டுபிடித்தவரே தன் கண்டுபிடிப்பை வெளியிட்டாலும் அது வெளியீடுதான். சட்டம் ஒரு வருடம் பொறுக்கும். வெளியிட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் அந்த வெளியீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அவள் செத்தது ஆனியில். மலர் கொடுத்தது ஆடியில். விண்ணப்பித்திருந்தது அடுத்த வருடம் ஆவணியில். ஒரு வருடம் தாண்டி ஒரு மாதம்கூட இல்லை, அந்த இடைவெளியில் எல்லாம் போயிருந்தது. ஏன் ஆவணிவரை இருந்தார் என்று எவரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆட்டைத் திவசம், அதாவது முதலாவது வருடத் திவசம், முடியும்வரை எங்கள் வீடுகளில் எதையும் புதிதாகத் தொடங்கமாட்டோம். திவசம் முடிந்ததும் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் நல்ல காரியம் தொடங்குவார்கள்?

இரண்டு நாள் அறிக்கையை அனுப்பாமல் வைத்திருந்தேன். கொழும்பில் இருக்கும் எவரும் நினைவு மலரில் பற்றரி தேடப்போவதில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் அவளுடைய பெயர் அந்தப் பத்திரத்தில் நிற்கும். மூடிவைக்கத்தான் நினைத்தேன். எழுதி வைத்திருந்த அறிக்கையை அனுப்பக் கையையும் வைத்தேன். ஆனால் இப்போது அதில் இருந்த ஒரு வரி, நான் பார்த்த அளவில் இது எங்கும் வெளியாகவில்லை என்ற வரி, பச்சைப் பொய். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருக்கு ஒரு தயவும் பார்க்காமல் புதியதல்ல என்று எழுதியவள் நான். பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் கண்ணை மூடுவதா? மூட எனக்கு ஆசை இருந்தது. முடியவில்லை. அதற்காக என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மலரின் அந்த நாலு பக்கத்திலும் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் கோரிக்கை ஒன்று, கோரிக்கை இரண்டு என்று எண் எழுதினேன். எந்த வரி எந்தக் கோரிக்கையை முன்பே சொல்லிவிட்டது என்று காட்ட அப்படித்தான் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு இணைத்து, மூலப்பிரதியோடு கொழும்புக்கு அனுப்பினேன். அது பொதுமக்களுக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மழைக்காலம் முடியும் முன்பு ஒரு பின்னேரம் அவளுடைய கணவர் வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து இருந்தார்.

"அக்கா, நீங்கள்தான் எழுதினது எண்டு தெரியும். வேற ஆர் அந்த மலரை எடுத்துப் பாப்பினம்?"

"ஓம் தம்பி. நான்தான்."

நான் ஏச்சு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் ஏசவில்லை.

"ஆனியிலயே போடுவமெண்டுதான் நினைச்சனான். திவசம் முடியட்டும் எண்டினம். பிறகு அம்மா, ஆடியில ஒண்டும் தொடங்காத எண்டவ. அவவின்ர பேரில செய்யிறது, நல்ல நாளில செய்வமெண்டு நானும் பாத்துக்கொண்டிருந்திட்டன்."

அவர் சேர்ட்டுப் பையிலிருந்து மடித்த கடதாசிகளை எடுத்தார். நிராகரிப்போடு அவருக்கு அனுப்பியிருந்த பிரதி. அந்த நாலு பக்கம். இறக்கம் தருவதை எங்கே வாங்கி வைப்பது என்று அவள் கேட்ட வரிக்கு நேரே, கோரிக்கை ஒன்று என்ற என் எழுத்து. கோடு அவள் கேள்வியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது.

"அண்டைக்கு வந்த எல்லாருக்கும் குடுத்து முடிஞ்சுது, அக்கா. எனக்கெண்டு ஒண்டு எடுத்து வைக்கயில்லை. அச்சடிச்ச கடையும் பூட்டிப்போட்டான். இப்ப என்னட்ட இருக்கிறது இதுதான்." கடதாசியை மடியில் வைத்து நீவினார். "இந்தக் கோடெல்லாம் இல்லாம ஒண்டு உங்களிட்ட இருக்குமோ?"

"என்னட்ட இருந்ததைத்தான் அனுப்பினனான்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு எழும்பினார். வாசலில் குடையை விரித்துக்கொண்டு, "வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். தேநீர்கூடக் கொடுக்கவில்லை என்று பிறகுதான் நினைவு வந்தது.

கொழும்புக்கு எழுதிக் கேட்டேன். கோப்பில் சேர்ந்தது திரும்பி வராது என்றார்கள். பிறகு அந்தியேட்டிக்கு வந்தவர்களின் வீடுவீடாகப் போகத் தொடங்கினேன். கண்டி நகரில் கேட்டேன், பிலிமத்தலாவைப் பட்டறையில் அவரோடு வேலை செய்பவர்களைக் கேட்டேன், அவளோடு படிப்பித்த ஒருவரைத் தேடித் தெல்தெனியவரை பஸ் ஏறிப் போனேன். வீடு மாறும்போது போய்விட்டது என்றார்கள். வெள்ளம் வந்தபோது நனைந்தது, கறையான் அரித்தது, பழைய கடதாசிக்காரனுக்குப் போட்டோம் என்றார்கள். பொதுமக்களுக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது என்று நான் கையெழுத்துப் போட்ட அந்த மலர் இன்றுவரை ஒரு வீட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.