தொட்டிச் சுவரைச் சுரண்டிய அமலி

செம்பட்டி பஸ்ஸில் இருந்தபோது ஆய்வகத்திலிருந்து போன். "அக்கா, நம்ம அமலியக்கா போயிட்டாங்க. நெஞ்சுவலியாம்." நேற்றுக்கூட என்னோடு சண்டை போட்டவள். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபந்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா போவது?

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருவருக்கும் ஒரே மேசை. குழாயைத் தீயில் வாட்டி, சற்றுத் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு பாட்டிலில் பிடிப்பது எங்கள் முறை. அமலி அதோடு விடமாட்டாள். மேல்நிலைத் தொட்டியில் ஏறி, உள்சுவரின் வழுவழுப்பையும் சுரண்டி வருவாள். "ஓடுற தண்ணி நல்லபிள்ளையாட்டம் நடிக்கும்டி" என்பாள்.

அந்த வழுவழுப்பில் அமீபாக்கள் மேயும். யார் உடம்பையும் அண்டாமல் தாமாகப் பிழைப்பவை. ஆனால் வயிற்றுப்போக்கு தரும் ஒட்டுண்ணிகளை விழுங்கி, செரிக்காமல் உள்ளே சுமந்து திரிவதும் உண்டு. உள்ளே இருப்பதைக் குளோரின் எளிதில் எட்டாது.

ஒருமுறை நிலக்கோட்டைப் பக்கம் ஓர் ஊரில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. இரண்டு நாளில் மாதா கோயில் திருவிழா. ஊருக்கே அசனச் சாப்பாடு. நாங்கள் வருகிறோம் என்றதும் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டிவிட்டார்கள், தொட்டியைத் தேய்க்கவில்லை. குழாய்த் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. "தண்ணி நல்லாருக்குன்னு கையெழுத்தப் போட்டு விடேன்டி" என்றேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து, தொட்டிச் சுவரில் சுரண்டி வந்ததை மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். அமீபாவுக்குள் உருண்டை உருண்டையாக ஒட்டுண்ணிகள்.

ஊர்த்தலைவர் அந்தோணிசாமி வந்து கத்தினார். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. திருவிழாவக் கெடுக்கவா வந்தீக?"

"அசனம் போடுங்கண்ணே, யாரு வேணாங்கிறா? தொட்டியக் காலி பண்ணித் தேச்சுக் கழுவுங்க. குடிக்கிற தண்ணியக் கொதிக்க வைங்க. அதுவரைக்கும் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள் அமலி.

திட்டிக்கொண்டேதான் தேய்த்தார்கள். வெந்நீரைக் குடித்துக்கொண்டும் திட்டினார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்கு நின்றது. அதை வந்து சொன்னவர் ஒருவருமில்லை.

அடக்கத்துக்கு அந்தோணிசாமி வந்திருந்தார். "எம் பேத்தியும் அப்ப படுத்துக் கெடந்தா. இந்தம்மாவ எம்புட்டுப் பேசிட்டேன்! நல்லதா ஒரு வார்த்த சொல்லலையே" என்று விம்மினார்.

ஆனாலும் கேட்டேன்: "இப்பத் தொட்டியக் கழுவுறீகளா அண்ணே?"

"அந்தத் திருவிழாவோட சரிம்மா" என்றார்.

நாளைக் காலை அந்த ஊருக்குப் போகிறேன், அமலி. உயரம் என்றால் எனக்குப் பயம், உனக்குத் தெரியும். ஏறத்தான் போகிறேன். உள்சுவரில் அந்த வழுவழுப்பு இருந்தால், உன்னிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்ட அந்தக் "கையெழுத்துப் போடமாட்டேன்" போதும் எனக்கு.