எவேலியோ போட்ட சட்டம்

கியூபாவின் தலைநகர் ஹவானாவில் மத்தியப் பூங்காவின் ஓரத்தில் ஒரு இடத்துக்குச் சூடான மூலை என்று பெயர். காலையில் காபி இறங்கியதும் ஆண்கள் அங்கே கூடி பேஸ்பால் பற்றிக் கத்த ஆரம்பிப்பார்கள். மூக்கோடு மூக்கு உரச நின்று, கையை ஆட்டி, அடுத்தவன் தாயையும் பாட்டனையும் இழுத்து, இன்றைக்குக் கொலை விழாமல் போகாது என்று தோன்றும்படி கத்துவார்கள். 'நீ சொல்றது சரி' என்று மட்டும் எவனும் எவனிடமும் சொல்லமாட்டான். சொல்லிவிட்டால் நாளைக்கு எதற்கு வருவது?

அந்த மூலையின் பெரிய வாய் எவேலியோ. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்று, மீதிப் பாதியில் கரண்ட் நின்று, மனிதருக்கு இப்போது பெரிதாக வேலை ஒன்றுமில்லை. உயிரோடு இருப்பவர்களில் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்ற பேச்சு வந்தால் அவருக்கு ஒரே பதில்தான், கெவேதோ. பணத்துக்கு மயங்காமல் ஊரிலேயே தங்கி, பினார் மாகாணத்துப் பக்கம் பன்றி வளர்த்துக்கொண்டிருக்கும் கிழவர் கெவேதோ. எதிர்க்கட்சி நிவால்தோ, பஸ் டிரைவர். அவருக்கு மொந்தால்வோ. வெளிநாட்டுக்கு ஆடப் போன இடத்தில் ஹோட்டல் ஜன்னல் வழியாக இறங்கி ஓடியே போய்விட்ட மொந்தால்வோ. அப்படி நாட்டை விட்டுப் போனவர்கள் பெயரை அரசாங்க ரேடியோ சொல்லாது. மூலையிலும் வெகுகாலம் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில்தான் எவேலியோ ஒரு சட்டம் போட்டார். "உசுரோட இருக்கறவன்ல யாருன்னுதானடா பேச்சு? போனவன் செத்தவன். செத்தவன ஆட்டத்துல சேக்காத!"

மூலையே கைதட்டியது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக நிவால்தோவின் வாயை அடைத்துவந்தார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

பிறகு அவருடைய ஒரே மகன் யோஸ்வெல் போனான். லாரி டியூபையும் பலகையையும் கட்டிச் செய்த தெப்பத்தில், நாலைந்து பையன்களோடு, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், கடல் தாண்டி அமெரிக்காவின் ஃபுளோரிடா பக்கம். கரை சேர்ந்தால் உடனே போன் வரும். முன்னால் போனவர்களின் வீடுகளுக்கெல்லாம் அப்படித்தான் வந்தது. எவேலியோ வீட்டுக்கும் வரவில்லை, கூடப் போன பையன்களின் வீடுகளுக்கும் வரவில்லை. புயல் காலம் போனது, கிறிஸ்துமஸ் போனது, மறுபடி மழையும் தொடங்கிவிட்டது. 'எங்கயாவது ஜெயில்ல வெச்சிருப்பான்', 'பஹாமாஸ் தீவுல ஒதுங்கியிருப்பான்' என்று முதலில் சொன்னவர்கள் இப்போது பையன் பேச்சையே எடுப்பதில்லை. மனைவி மிர்த்தா அழுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எவேலியோவுக்குப் பயமாக இருந்தது.

நேற்று அவள் மகனுடைய சட்டைகளை மடித்து, அக்கா பையனுக்குக் கொடுக்க எடுத்துவைத்தாள்.

"அவன் வந்து கேட்டா என்னடி சொல்லுவ?" என்றார்.

"யாரு வந்து?" என்றாள் அவள். பதிலுக்குக்கூட நிற்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவன் இருக்கிறான் என்று யாராவது ஒரு ஆள் சொல்லிக் கேட்கவேண்டும். எவேலியோவுக்கு அது போதும். இன்னொரு நாளைத் தள்ளிவிடலாம்.

இன்று காலை மூலைக்கு வந்தவர் நேராகக் கூட்டத்தின் நடுவில் போய் நின்றார். "மொந்தால்வோதான்டா பெரிய ஆட்டக்காரன்" என்றார்.

நிவால்தோவுக்கு வாயில் போட்ட கடலை தொண்டையில் சிக்கிக்கொண்டது. "என்னடா, வெயில் தலைக்கேறிடுச்சா? கெவேதோ உனக்குப் பன்னிக்கறி அனுப்பலன்னு கோவமா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"சிரிக்காதீங்கடா. மொந்தால்வோ மாதிரி பந்த அடிச்சவன் ஒருத்தன் பேரச் சொல்லு பாப்போம்."

"கழுத, அதத்தானடா நான் காலங்காலமா சொல்லிட்டிருக்கேன்!" நிவால்தோ எகிறிவந்து மூக்கோடு மூக்கு நின்றார். இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கிற நாள் வந்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. "நீ போட்ட சட்டம் என்னாச்சு? போனவன் செத்தவன்! செத்தவன ஆட்டத்துல..."

பாதியில் நின்றுவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள்.

எவேலியோ விடவில்லை. இதற்குத்தானே வந்தார். "அந்தச் சட்டம் தப்புடா. புத்தியில்லாம போட்டேன். கடலத் தாண்டிப் போயிட்டா செத்துட்டான்னு அர்த்தமா? எங்கயோ இருப்பான். போன் பண்ண வழியில்லாம இருப்பான். போனவன் உசுரோடதான் இருக்கான். இல்லன்னு எவனாவது சொல்லுங்கடா!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தார். நிவால்தோ கத்துவார், தானும் கத்தலாம். வாய்ச்சண்டையில் எவேலியோ தோற்றதே கிடையாது. இதையும் கத்தியே ஜெயித்துவிடலாம் என்றுதான் நினைத்தார்.

நிவால்தோ தூக்கிய கையைக் கீழே இறக்கினார்.

"சரி எவேலியோ" என்றார் மெதுவாக. "நீ சொல்றதுதான் சரி. உசுரோடதான் இருக்கான்."

"ஆமா, ஆமா" என்றார் பின்னாலிருந்து ஒருவர். நேற்றுவரை மொந்தால்வோ பெயரைக் கேட்டாலே காறித் துப்பிய கெவேதோ கட்சிக்காரர்களும் தலையாட்டினார்கள். யாரோ அவருக்கு உட்கார இடம் விட்டார்கள்.

எவேலியோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இத்தனை மாதமாக இவர்கள் தங்கள் வீடுகளில் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. பிள்ளையைச் சாகக் கொடுத்தவனிடம்தான் இப்படி ஒத்துக்கொள்வார்கள்.

"ஏன்டா ஒத்துக்கற?" குரல் உடைந்துவிட்டது. "கத்துடா. நான் இப்ப கெவேதோதான் பெரியவன்னு சொல்றேன். மொந்தால்வோ ஒரு வெத்துவேட்டுடா! வா, சண்டைக்கு வாடா நிவால்தோ!"

நிவால்தோ சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கெவேதோவும் பெரிய ஆட்டக்காரர்தான்" என்றார்.