கூடுதலாக வந்த கோப்பு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்து ஹட்டனில், போன், இணைய வசதி தரும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கணினி வேலை பார்த்தேன். இணையம் தொலைபேசி லைன் வழியாகத்தான் வரும். மழை பெய்தால் அறும். அதனால், பாதியில் நின்ற கோப்பை நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்து இறக்கும் சிறு புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தேன்.

அதைச் சோதிக்க மழைக்குக் காத்திருக்க முடியாது. கடையில் கிடந்த பழைய கணினியை, கோப்பு அனுப்பும் போலி சேர்வராக்கினேன். அது வேண்டுமென்றே பிழை செய்யும்: பாதியில் தொடர்பை அறுக்கும், பதில் சொல்லாமல் இருக்கும், கோப்புக்குப் பதிலாக 'கிடைக்கவில்லை' என்ற பக்கத்தை அனுப்பும். மொத்தம் பதினொரு பிழைகள். தினமும் கடை திறந்ததும் ஒரு பொத்தானை அழுத்துவேன். பதினொன்றும் தாமாக ஓடி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரி' என்று வந்த பிறகே மற்ற வேலை.

ஒரு வியாழக்கிழமை, அக்கரப்பத்தனையில் படிப்பிக்கும் கணித டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மறுநாள் காலை அவருடைய மாணவர்களுக்கு மாதிரிப் பரீட்சை. தபாலில் வினாத்தாள் வந்து சேரவில்லை. ஓர் இணையத்தளத்தில் இருந்தது. ஐந்தரைக்குக் கடைசி பஸ்.

என் புரோகிராமில் அதை இறக்கத் தொடங்கினேன். இடையில் ஒருமுறை லைன் அறுந்தது. புரோகிராம் தொடர்ந்து இறக்கி, நான்கு ஐம்பதுக்கு 'முழுமை' என்றது. கோப்பு திறக்கவில்லை.

"தம்பி, வெறுங்கையோட போய் நான் பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"லைன் கோளாறுதாங்க டீச்சர்" என்றேன்.

கடை முதலாளி சிரித்தார். முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லாருக்கும் அவர் 'நானா'. "லைனுக்கு ஏசாம ஒங்களுக்கு ஒரு நாள் போகாதே!"

கோப்பின் அளவைப் பார்த்தேன். தளத்தில் போட்டிருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. சொன்னேன்.

"கொறஞ்சாலும் ஏசுறீங்க, கூடினாலும் ஏசுறீங்க. அந்த மெஷின் என்னதான் செய்யிற?" என்றார் நானா.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் லைனில் எதுவும் குறைந்துதான் வரும். அதனால் என் புரோகிராம் 'குறைகிறதா?' என்று மட்டும் பார்த்தது, குறையாவிட்டால் முழுமை. பதினொரு பிழைகளில் ஒன்றுகூட அதிகமாக அனுப்பியதில்லை.

புரோகிராம் ஓடும்போது தானாக எழுதிவைத்திருந்த குறிப்பைத் திறந்தேன். லைன் அறுந்த இடம் அதில் இருந்தது. அதற்குப் பின் வந்தது மட்டுமே முழுக் கோப்பின் அளவு. மிச்சத்தைக் கேட்டதற்கு, அந்த சேர்வர் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தந்திருக்கிறது. புரோகிராம் அதைப் பழைய பாதியின் வாலில் ஒட்டிவிட்டது. முன்னால் கிடந்த பாதியை வெட்டி எறிந்தேன். வினாத்தாள் திறந்தது. மணி ஐந்து எட்டு.

பிரின்டர் மெதுவாகப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, போலி சேர்வருக்குப் பன்னிரண்டாவது பிழையைச் சொல்லிக் கொடுத்தேன்: மிச்சம் கேட்டால் முழுவதையும் அனுப்பு. புரோகிராம் மறுபடி ஏமாந்தது. நாளைக்குத் திருத்தவேண்டியது எது என்று இப்போது தெளிவாகத் தெரிந்தது.

டீச்சர் கடைசிப் பக்கத்தை நின்றபடியே வாசித்தார். "சரியான கஷ்டமான பேப்பர். நாளைக்குப் பிள்ளையள் உங்களைத்தான் திட்டப் போகினம்."

"திட்டட்டுங்க டீச்சர், பஸ்ஸு கெளம்புது!"

நானா வாசலுக்கு ஓடி, கண்டக்டரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார்: "மல்லி, பொட்டக் இன்ன!" பஸ் நின்றது. தாள்களைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி, டீச்சர் மழைக்குள் இறங்கி ஓடி ஏறினார்.