தானியேல் தைத்த சால்

மாதனூரைச் சுற்றி முப்பது கிணறுகளில் தானியேல் தைத்த சால்தான் ஓடியது. இரண்டு மாடுகள் வடம் இழுக்க, கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவரும் தோல் சால். தோலை ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டுப் பதப்படுத்துவதும் அவர்தான், வெட்டித் தோல்வாரால் தைப்பதும் அவர்தான். புதுச் சாலுக்கு மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்துக் கிணற்றில் இறக்குவார்கள். தைத்தவர் மட்டும் வரப்புக்கு அந்தப்பக்கம் நிற்க வேண்டும். அவர் தைத்த சால் ஆகுமாம், அவர் ஆகாதாம். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

1911-ல் வேலூரில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். செய்தவர் பெயரை எழுதி வைப்பார்கள் என்று பாதிரியார் சொல்லியிருந்தார். தன் பெயரை நாலு பேர் படிக்கப் பார்க்க வேண்டும், தானியேலுக்கு அவ்வளவுதான் ஆசை. பன்னிரண்டு நாள் குந்தித் தைத்த சாலோடு ஆம்பூரில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, அதைத் தலையில் சுமந்து நடந்துபோய்க் கொடுத்தார்.

மறுநாள் போய்ப் பார்த்தால், கொம்பு, எலும்பு, மரப்பட்டை மூட்டைகளோடு சால் கிடந்தது. மேலே ஒரு சீட்டு: 'தோல், ஆம்பூர்ப் பக்கம்.' பெயர் இல்லை. எதிர்மேசையில் குத்துவிளக்கு, பட்டுச்சேலை. ஒவ்வொன்றுக்கும் செய்தவர் பெயர் இருந்தது. மேலே இங்கிலீஷ் பலகை.

"அந்தப் பலகையில இன்னா சாமி எழுதியிருக்குது?" என்று அங்கே மேற்பார்த்த குமாஸ்தா ஜம்புலிங்கத்தைக் கேட்டார்.

படிப்பைக் காட்ட இடம் கிடைத்தால் குமாஸ்தா விடுவாரா? "ஆர்டிஃபாக்ட். லத்தீன்ல இருந்து வந்த வார்த்தை. 'ஆர்ட்டே'ன்னா வித்தையால, 'ஃபாக்டும்'னா செஞ்சது. மனுஷன் வித்தையால செஞ்ச பொருள்னு அர்த்தம்."

"அப்போ என் சாலும் அங்கதானே இருக்கணும்?"

"அது தோலுய்யா. மாடு குடுக்குது. அதுல உன் வித்தை இன்னா இருக்குது?"

"பட்டு நூலைக்கூட பூச்சிதான் குடுக்குது, சாமி."

"ஜாஸ்தி பேசாதே. போ."

கிணற்றடியில் தள்ளி நிறுத்தினார்கள், தானியேல் பொறுத்தார். செய்ததையே செய்யவில்லை என்றால் எப்படிப் பொறுப்பது? மடியிலிருந்த குத்தூசியை எடுத்து அங்கேயே குந்தினார். சாலின் முதல் தையலை நெம்பி வாரை உருவினார். அடுத்தது, அதற்கடுத்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது. "இன்னாய்யா பண்றே, கலெக்டர் வர்ற நேரத்துல" என்று குமாஸ்தா பதறினார். தானியேல் நிமிரவில்லை.

கடைசித் தையலும் போனதும் தோலைத் தட்டையாக விரித்து, சீட்டை அதன் நடுவில் நேராக வைத்தார்.

"இப்போதான் நீங்க எழுதுனது சரி, சாமி. மாடு குடுத்தது இதான். நான் செஞ்சதை நான் எடுத்துட்டேன்."