உதவித்தொகைக்காக அம்மா சொன்ன பொய்

அம்மா பொய் சொல்லி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் அரசாங்கத்து ஆளிடம், என் கண் முன்னால்.

எனக்கு அப்போது எட்டு வயது. திருமுல்லைவாயிலில் ஓலைக் கூரை வீடு. அம்மா ஆவடி குவார்ட்டர்ஸில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்தாள். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. ஓவர்டைம் அதிகம் என்று அங்கேயே தங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கோடாப் பொட்டலத்தோடு வருவார். கம்பெனி அப்பாவை விடமாட்டேன் என்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வருடம் அக்காவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் தெருவிலிருந்து முதல் ஆள். அரசாங்கம் உதவித்தொகை தரும், ஆனால் அப்பாவின் சம்பளச் சான்று வேண்டும் என்றார்கள். அப்பா அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று ஞாயிறுகளைக் கடத்தினார். கடைசித் தேதி நெருங்கவே அக்கா தானே கம்பெனிக்குப் போனாள். மத்தியானம் வெறுங்கையோடு திரும்பியவள், அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னாள். அழுதது அக்காதான், அம்மா இல்லை.

மறுவாரம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். இரவல் நாற்காலியில் உட்கார்ந்து, "வீட்டுக்காரருக்குச் சம்பளம் எவ்வளவும்மா?" என்று கேட்டார்.

"அவுரு எங்களோட இல்ல சார்," என்றாள் அம்மா. "நாலு வருசமாவுது. அம்பத்தூர்ல வேற ஊடு கீது. அங்க ஒருத்தி, ரெண்டு கொயந்தைங்க. நான் பாத்திரம் தேய்க்கிற காசுலதான் நாங்க சாப்பிடறோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளிக்கூடத்தில் யாருடைய பென்சிலையோ எடுத்துவந்ததற்காக எனக்குச் சூடு வைக்கப் போனவள் இந்த அம்மா. இப்போது தடுமாறாமல், கண்ணைத் தாழ்த்தாமல், உயிரோடு இருக்கும் அப்பாவைப் பற்றி இப்படிச் சொல்கிறாள்!

"எங்க நைனா..." என்று வாயெடுத்தேன். அக்காவின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தி அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். அம்மா கைநாட்டு வைத்தாள்.

அவர் தெருமுனை தாண்டியதும், "ஏம்மா பொய் சொன்ன?" என்று கத்தினேன்.

"அக்கா படிக்க வாணாவா?" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அப்பாவுக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தை அப்பாவிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்? ஞாயிறு அவர் சாப்பிட உட்கார்ந்ததும் போட்டு உடைத்தேன். "நைனா, உனுக்கு அம்பத்தூர்ல வேற ஊடு கீதாம், ரெண்டு கொயந்த கீதாம்! ஆபீசருகிட்ட அம்மா பொய் சொல்லிச்சு!"

சோறு பிசைந்த கை நின்றது. சிரிப்பார், இல்லையென்றால் அம்மாவை அடிப்பார் என்று காத்திருந்தேன். அம்மா நிதானமாக, "ரசம் ஊத்தட்டா?" என்றாள். அப்பா எழுந்து கை கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போனார்.

கம்பெனியில் நடந்ததை அக்கா வெகுகாலம் கழித்துத்தான் சொன்னாள். குமாஸ்தா குடும்ப விவரத் தாளைப் புரட்டிவிட்டு, "இந்தாளுக்கு ரெண்டும் சின்னப் பசங்களாச்சே, நீ யாரும்மா?" என்றாராம். அம்மாவுக்கு அது முன்பே தெரியும். நாலு வருடமாகத் தெருவுக்குத் தெரியாமல் கட்டிக்காத்ததைத்தான் அக்காவின் படிப்புக்காக அன்று வாய் திறந்து சொல்லியிருக்கிறாள்.

உதவித்தொகை வந்தது. அக்கா தினமும் ரயிலேறிக் கல்லூரிக்குப் போய்வந்தாள். அன்று எழுந்துபோன அப்பாதான் அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அம்மாவின் பொய்யால் வந்த கோபம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"நீ போயி நைனாகிட்ட மன்னிப்பு கேளு!" என்று தரையில் புரண்டு அழுதேன்.

அக்கா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, கேக்கறேன்," என்றாள் என்னிடம்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.